"ரிசல்ட்ஸ் ஷோஸ்": குற்றம் தமிழுடையதா?

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்தே ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "சார், மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் ஒவ்வொரு முறையும் 'ரிசல்ட்ஸ் ஷோஸ்' என்று எழுதிச் சிவப்பு வட்டம் வாங்குகிறாள். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படியா?"

அந்தக் கடைசி வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை அம்மா.

ஆங்கிலத்தில் பெயரோடு 'எஸ்' சேர்ந்தால் பெரும்பாலும் பன்மை. வினையோடு சேர்ந்தால் ஒருமை. ஆகவே 'ரிசல்ட்ஸ் ஷோ' என்பதே சரி. பிள்ளைக்கு இரண்டும் ஒரே எஸ்ஸாகத் தெரிகிறது, அதனால் இரண்டு பக்கமும் போட்டுவிடுகிறாள். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் படித்தவள். அதில் 'டியா (அவன், அவள்) பெர்கி', 'மெரேக்கா (அவர்கள்) பெர்கி', யார் போனாலும் பெர்கிதான். தமிழ் அப்படியா? போனான், போனாள், போனார்கள். நான் எப்போதும் சொல்வதுதான், மறுபடியும் சொல்கிறேன்: எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் என்பது நம் பிள்ளைக்குத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையிலேயே தெரியும்.

ஆனால் அஃறிணைப் பன்மையில் நாமே வழுக்குகிறோம். 'மாடுகள் வந்தது' என்றுதானே பேசுகிறோம்? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் 'செம்பனைக் குலைகள் விழுந்தது' என்று எழுதினேன். ஆசிரியர் அடிக்கவில்லை, "என்ன விழுந்தது? எத்தனை?" என்று மட்டும் கேட்டார். நானே அழித்து 'விழுந்தன' என்று எழுதினேன். இன்று டியூஷனில் நான் கேட்பதும் அதே இரண்டு கேள்விதான்.

'தி ரிசல்ட்ஸ் ஆஃப் தி ஸ்டடி ஷோ' என்ற வாக்கியத்தில் ஸ்டடி வினையை ஒட்டி நின்று ஏமாற்றும். ஆங்கிலேயரே தடுக்கி விழும் இடம் அது. எது காட்டுகிறது? ஆய்வா, முடிவுகளா? அதை முடிவு செய்த பிறகு வினைக்குப் போகட்டும்.

1967இல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர் இரண்டைப் பிரித்துக் காட்டினார். அசதியில் கை தவறுவது ஒன்று, மனதில் பதிந்த விதியே வேறாக இருப்பது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் வருகிறது என்கிறீர்களே, அப்படியானால் இது இரண்டாவது வகை. திட்டினால் போகாது.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவள் இன்னும் தமிழில் எழுதுகிறாளா? லீவுக்கு வரும்போது அதே வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். 'முடிவுகள் காட்டுகிறது' என்று எழுதுகிறாளா, 'காட்டுகின்றன' என்று எழுதுகிறாளா? எனக்குத் தெரிவியுங்கள் அம்மா, காத்திருக்கிறேன்.