இரும்புக்கு ஏதுடா வயசு?

வணக்கம் மக்களே. குரல் கேட்கிறதா? இங்கே காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது. நான் நிற்பது கிருஷ்ணகிரி மாவட்டம், தொகரப்பள்ளி பக்கம் மயிலாடும்பாறை. பாறை ஓவியங்களும் கல்வட்டங்களும் உள்ள இடம். வழக்கமாக ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் ஏறுவதில்லை.

2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். இங்கே இரும்பின் காலம் கி.மு. 2172, அதாவது ஏறக்குறைய 4200 ஆண்டு. போன வீடியோவில் நானும் 'இந்த இரும்புக்கு வயது 4200' என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். உடனே எங்கள் பெரியப்பா போன் போட்டார். ரொம்ப நாள் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். "இரும்புக்கு ஏதுடா வயசு? பழைய கொழுவை உலையில போட்டு அடிச்சா அருவா ஆயிடும். அது பழசா, புதுசா?"

பதில் சொல்ல முடியாமல் முழித்தேன். அப்புறம் தேடிப் படித்தால், ஆய்வகத்தில் வயது பார்த்தது இரும்பையே இல்லை. இரும்பு கிடைத்த மண்ணடுக்கில் இருந்த கரித்துண்டை!

நம்ம ஊர் மாமரத்தையே வைத்துச் சொல்கிறேன். உயிரோடு இருக்கும் வரை மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கார்பனில் லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில், மெல்ல மெல்லத் தானாகச் சிதையும் கார்பன்-14 என்ற வகை கலந்திருக்கும். மரத்தை வெட்டியதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டில் பாதி கரையும். 4200 ஆண்டு என்றால் நூற்றுக்கு 60 பங்கு மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தை எண்ணத்தான் துகள் முடுக்கி, அதாவது அணுக்களை அதிவேகத்தில் ஓடவிட்டு எடைவாரியாகப் பிரித்து எண்ணும் இயந்திரம். முன்பு கிராம் கணக்கில் கரி வேண்டும், இப்போது ஒரு மில்லிகிராம் போதும். மயிலாடும்பாறைக் கரி இதற்காக அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் வந்தது. எனக்கு இன்னும் பாஸ்போர்ட்டே இல்லை.

ஒரு கரியை மட்டும் நம்பவில்லை. 104 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது கி.மு. 1615, 130 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 2172. கீழே போகப் போகப் பழசு, வரிசை சரியாக இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்த பகுதி, மரம் நிற்கும்போதே புதுக் கார்பன் எடுப்பதை நிறுத்திவிடும். அந்தக் கட்டையை எரித்திருந்தால், கரி காட்டும் வயது அடுப்பு மூட்டிய நாளைவிடப் பழசாக இருக்கும். எத்தனை ஆண்டு பழசு என்பது மரத்தைப் பொறுத்தது.

இதற்கிடையில் 'மிகப் பழைய இரும்பு' என்ற நம்ம ஊர்ச் சாதனையும் போய்விட்டது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு கி.மு. 3345 என்று அறிவித்தார்கள். மூன்று வருடம்கூட முதலிடத்தில் நிற்கவில்லை நாம்! அங்கே கரியோடு பானை ஓட்டையும் சோதித்திருக்கிறார்கள். ஓட்டில் இருக்கும் மணல் துகள் கடைசியாகச் சூடு கண்டது எப்போது என்று பார்க்கும் முறை அது. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். வைரக் கட்டை விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "வைரம் பாஞ்ச கட்டையை எவன்டா கரிக்கு வெட்டுவான்? அது ஏருக்கும் வண்டிக்கும் போகும். கரிக்குக் கிளைதான்."

தொல்லியல்காரர்களும் முடிந்தவரை சுள்ளி, விதை மாதிரி ஆயுசு குறைந்ததைத்தான் சோதனைக்குத் தேடுவார்கள். படித்துவிட்டுத்தான் எனக்கே தெரிந்தது. அவருக்குப் பட்டறையிலேயே தெரிந்திருக்கிறது.

சரி, வெயில் ஏறிவிட்டது. பர்கூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இறங்குகிறேன்.