அந்தக் கரடி கதையக் கொல்லல

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும், ராத்திரி ஒம்பதர ஆகியும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கற உங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

"பழைய இலக்கியத்த எடுத்து மலிவா ஒரு ரத்தப்படம் எடுத்தா அது அந்த இலக்கியத்துக்கு இழப்பா, இழப்பு இல்லையா"ங்கறது தலைப்பு. நான் இழப்பு இல்லைங்கற பக்கம். எனக்கு முன்னாடி பேசுன எதிரணி அக்கா ஒரே ஒரு படத்தத்தான் கையில எடுத்தாங்க, 2023-ல வந்த 'வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி'. குழந்தைங்க கட்டிப்பிடிச்சுத் தூங்கற கரடி கையில கத்தியக் குடுத்துட்டாங்களேன்னு அவங்க கேட்டப்ப நீங்க எல்லாரும் கைதட்டுனீங்க, எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி ஆச்சு, ஏன்னா என் பொண்ணு நாலு வயசு வரைக்கும் அந்தக் கரடிய வச்சுக்கிட்டுத்தான் தூங்குனா. அதனால நானும் வேற படத்துக்கு ஓடல, இந்தப் படத்த வச்சே பேசறேன்.

படம் பாக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். வின்னி த பூங்கற கரடி, ஏ.ஏ. மில்ன்ங்கற எழுத்தாளர் 1926-ல எழுதுன குழந்தைக் கதையில வர்றது, இங்கிலாந்துல ஆஷ்டவுன்னு ஒரு காடு இருக்கு, அதத்தான் மனசுல வச்சு எழுதுனாரு. இந்தப் படத்தையும் அந்தக் காட்டுலயே போய் எடுத்தாங்க, 10 நாள் ஷூட்டிங், மொத்த செலவே 1 லட்சம் டாலருக்குக் கம்மி. டைரக்டர் ரீஸ் ஃப்ரேக்-வாட்டர்ஃபீல்டு. கதை என்னன்னா, கிறிஸ்டோபர் ராபின்ங்கற பையன் வளந்து காலேஜுக்குப் போயிடறான், இத்தன வருஷம் அவன் கொண்டு வந்து குடுத்த சாப்பாட்ட நம்பியே இருந்த காட்டு நண்பர்கள் பனிக்காலத்துல பட்டினி கிடக்கறாங்க, பசி தாங்காம கூட இருந்த ஈயோர் கழுதையவே தின்னுடறாங்க, அதோட மனுஷங்க மேல வெறுப்பு வந்து இனி பேசவே மாட்டோம்னு சபதம் எடுத்துடறாங்க. அப்புறம் அவன் திரும்பி வர்றான், பக்கத்துல ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்து சில பொண்ணுங்க வந்து தங்கறாங்க, அதுக்கப்புறம் வெட்டுக்குத்துதான்.

படம் நல்ல படமான்னு கேட்டீங்கன்னா, இல்ல. 2024-ல ராஸி விருதுன்னு மோசமான படங்களுக்குக் குடுக்கற விருதுல மோசமான படம், மோசமான டைரக்டர் உட்பட 5 விருது வாங்குச்சு, அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்லைங்க. பாதிப் படம் இருட்டு, கரடி முகமூடி அசையவே அசையாது, அந்தப் பொண்ணுங்க பேரு நம்ம மனசுல பதியறதுக்குள்ள செத்துப் போறாங்க, சாகறதுக்காகவே கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு, அது எனக்கு உண்மையாவே கோவம் வந்த விஷயம். ஒரு பொம்பளப் புள்ளையப் பெத்தவனா அந்த சீன்லாம் எனக்குப் பாக்கப் பிடிக்கல. ஆனா நடுவர் அவர்களே, அது அந்தப் படத்தோட குறை. மில்ன் எழுதுன புத்தகத்துல ஒரு எழுத்து குறைஞ்சு போச்சான்னுதான் நாம இன்னைக்குப் பேசறோம்.

எதிரணி அக்கா சொன்னாங்க, "ரத்தத்த சேத்து புனிதத்தக் கெடுத்துட்டாங்க"ன்னு. அக்கா, கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஸ்னோ ஒயிட் கதையப் படிச்சுப் பாருங்க, அந்தக் கெட்ட ராணிக்கு பழுக்கக் காய்ச்சுன இரும்புச் செருப்ப மாட்டிவிட்டு சாகற வரைக்கும் ஆட வைப்பாங்க, கல்யாண வீட்டுலயே! 1937-ல டிஸ்னி அத எடுத்தப்ப அந்த முடிவத் தூக்கிட்டு ராணி மலையிலருந்து விழுந்து சாகற மாதிரி மாத்துனாங்க. கிரிம் கதைக்கு இழப்புன்னு இந்த மேடையில யாரும் சொல்லல. இருந்த கொடூரத்த எடுத்தா அது கலை, இல்லாத கொடூரத்த சேத்தா அது துரோகம்னா, அளவுகோல் இலக்கியமா இல்ல நம்ம பழக்கமா? ரெண்டும் கைவைக்கறதுதான். ரெண்டுலயும் மூலப் புத்தகம் அலமாரியில அப்படியே இருக்கு.

இந்தக் கரடி யார் கையில இருந்துச்சுன்னு கொஞ்சம் பாப்போம். 1930-லயே மில்ன் அமெரிக்க உரிமைய ஸ்டீபன் ஸ்லெசிஞ்சர்ங்கறவருக்குக் குடுத்துட்டாரு, 1961-ல அது டிஸ்னி கைக்குப் போச்சு. நம்ம மனசுல இருக்கற அந்த சிவப்பு பனியன் போட்ட கரடி மில்ன் புத்தகத்துல கிடையாது, அது 1932 வாக்குல ஸ்லெசிஞ்சர் காலத்துல வந்தது, டிஸ்னி அத உலகம் பூரா கொண்டு போச்சு. நாம "ஐயோ எங்க கரடி"ன்னு பதறுறோமே, பாதி நேரம் நாம பதறுறது இலக்கியத்துக்காக இல்லைங்க, ஒரு கம்பெனி வரைஞ்ச படத்துக்காக. அமெரிக்காவுல பழைய சட்டப்படி 75 வருஷத்துல இது பொதுச்சொத்தாகி இருக்கணும், 1998-ல இன்னொரு 20 வருஷம் நீட்டுனாங்க, அதுக்கு டிஸ்னியும் பாடுபட்டுச்சு, கடைசியா 95 வருஷம் முடிஞ்சு 2022 ஜனவரி 1-ந் தேதிதான் அந்த முதல் புத்தகம் எல்லாருக்கும் பொதுவாச்சு. டிக்கர் புலி 1928-ல வந்த ரெண்டாவது புத்தகத்துலதான் வரும், அதனால இந்தப் படத்துல புலியே இல்ல, 2024-ல அதுவும் பொதுவானப்புறம் அடுத்த பாகத்துலதான் வந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா, இவங்க யார் வீட்டு சுவரும் ஏறிக் குதிக்கல. கதவு திறந்த அன்னைக்குத்தான் உள்ள போனாங்க, திறக்காத ரூமத் தொடவும் இல்ல.

நம்ம ஊர்ல இதே கேள்வி வந்திருக்குங்க. பாரதி பாட்டுக்கு ஒரு காலத்துல தனிப்பட்ட உரிமை இருந்துச்சு, சினிமாவுக்கான உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியார்கிட்ட இருந்துச்சு, 1949-ல சென்னை மாகாண அரசு உரிமைய வாங்கி, பின்னாடி மக்களுக்கே பொதுவாக்குனாங்க. அன்னையிலருந்து பாரதிய யார் வேணாலும் பாடலாம். சுருதி சேராமப் பாடறவங்களும் பாடறாங்க, அர்த்தம் தெரியாம மேடையில கத்தறவங்களும் கத்தறாங்க, ஸ்கூல் ஆண்டுவிழாவுல டப்பா ஸ்பீக்கர்ல போட்டு ஆடறாங்க. அதுக்காக பாரதியத் திரும்பப் பூட்டி வையின்னு இந்த அரங்கத்துல யாராவது ஒருத்தர் எந்திரிச்சு சொல்லுவீங்களா? மாட்டீங்க. பொதுவுல வச்சா மோசமாப் பாடறவனும் வருவான், அவன உள்ள விட்டாத்தான் நல்லாப் பாடறவனும் வர முடியும்.

இப்ப நான் ரொம்ப நாளா மனசுல வச்சிருக்கற ஒண்ணுக்கு வர்றேன். இந்தப் படத்த வெறும் கசாப்புன்னு சொல்றவங்க அந்த 1928 புத்தகத்தோட கடைசி அத்தியாயத்தப் படிச்சிருக்கணும். பையன் போகப்போறான். எங்க போறான் ஏன் போறான்னு யாருக்கும் தெரியாது, ஆனா அவன் போகப்போறான்னு மட்டும் காட்டுல இருக்கற எல்லாருக்கும் மனசுல பட்டுடும். அவனுக்காக ஈயோர் ஒரு கவித எழுதும், எல்லாரும் கூடுவாங்க, அப்புறம் ஒண்ணு ஒண்ணா நழுவிப் போயிடும், கரடி மட்டும் நிக்கும். அவனும் கரடியும் காட்டு உச்சிக்குப் போய் உக்காருவாங்க, இனிமே முன்ன மாதிரி சும்மா இருக்க விடமாட்டாங்கன்னு பையன் சொல்லுவான், என்ன மறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னு கரடிகிட்டக் கேப்பான். அவன் கேக்கறது கரடிகிட்ட, என்ன மறந்துடாதன்னு கரடி அவன்கிட்ட கேக்காது. என் பொண்ணுக்கு அத வாசிச்சுக் காட்டுனப்ப எனக்குக் குரல் உடைஞ்சு போச்சு, அவ "அப்புறம் கரடி என்னப்பா ஆச்சு"ன்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்ல. அவங்க ரெண்டு பேரும் எப்பவும் அந்தக் காட்டுல விளையாடிக்கிட்டே இருப்பாங்கன்னு புத்தகம் ஆறுதல் சொல்லும், குழந்தைக்கு அது போதும், வளந்தவனுக்குப் போதாதுங்க.

அந்தக் கேள்வியத்தான் இந்த 1 லட்சம் டாலர் படம் கேட்டுச்சு. விட்டுட்டுப் போனவன் கதைய எல்லாரும் எழுதறாங்க, விட்டுட்டுப் போகப்பட்டவனுக்குப் பசிச்சுதா, குளிருச்சா? படம் பூரா வாயே திறக்காத கரடி கடைசியில அவன் கண்ணு முன்னாடியே ஒரு பொண்ணக் கொல்லும்போது, நான் உன்கூடவே இருந்துடறேன் அவள விட்டுடுன்னு அவன் கெஞ்சறான், அப்ப கரடி ஒரே ஒரு வரி பேசும், "நீ விட்டுட்டுப் போயிட்ட"ன்னு. அந்த ஒரு வரிக்காக நான் மிச்ச 80 நிமிஷத்தப் பொறுத்துக்கிட்டேன். கை தேறாத ஆளு எடுத்த படம்தான், ஆனா கை வச்ச இடம் சரியான இடம், அந்தப் புத்தகத்துலயே வலி இருந்த இடம்.

வலி இருந்துச்சான்னு கேப்பீங்க. மில்னோட மகன், அந்த நிஜக் கிறிஸ்டோபர் ராபின் மில்னக் கேளுங்க. புத்தகம் வந்தப்ப அவருக்கு 6 வயசு. பின்னாடி போர்டிங் ஸ்கூல்ல அவர் சின்ன வயசுல பாடுன ரிக்கார்டப் போட்டுப் போட்டு பசங்க கேலி பண்ணுனாங்க. தன் பேர அப்பா எடுத்துக்கிட்டாரு, மகன்ங்கற வெத்துப் புகழத்தான் தனக்கு மிச்சம் வச்சாருன்னு ஒரு காலத்துல தோணுச்சுன்னு தன் நினைவுக் குறிப்புல அவரே எழுதியிருக்காரு. இவ்வளவு இனிப்பான புத்தகம் ஒரு நிஜக் குழந்தைய அழ வச்சிருக்கு. இதுக்காக நான் மில்ன் மேல பழி போடல, எனக்கு அவர் எழுத்து உசுரு. தேன் ஜாடியில முள் முன்னாடியே இருந்துச்சு, அத இந்தப் படம் கொண்டு வந்து போடலன்னு சொல்றேன்.

எதிரணியில கடைசியா ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க, 2023-ல ஃபுளோரிடாவுல ஒரு ஸ்கூல்ல 4-ஆம் வகுப்புக் குழந்தைங்களுக்கு இந்தப் படத்தப் போட்டுக் காட்டிட்டாங்களே, பசங்க பயந்து போனாங்களேன்னு. நடந்தது நிஜம், நடந்திருக்கவே கூடாது. அந்தக் குழந்தைங்களுக்கு நடந்தது தப்புன்னு நானும் சத்தமா சொல்றேன், ஆனா அது போஸ்டரப் பாக்காம பொத்தான அமுக்குன பெரியவங்க தப்பு. வீட்டுல அருவாமணை இருக்கு, குழந்தை கைக்கு எட்டற மாதிரி வச்சா யாரத் திட்டுவோம்?

மணி அடிச்சுட்டீங்க, ஒரு நிமிஷம் குடுங்கய்யா, முடிச்சுடறேன். அந்தப் பையன் வச்சு விளையாடுன நிஜ பொம்மைங்க, கரடி, பன்னிக்குட்டி, கழுதை, புலி, கங்காருன்னு அஞ்சும் 1987-லருந்து நியூயார்க் பொது நூலகத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. கங்காருக் குட்டி மட்டும் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஆப்பிள் தோட்டத்துல தொலைஞ்சு போச்சு. மத்தபடி தேஞ்சு போய், ஒட்டுப் போட்டு, கட்டிப்பிடிச்சுக் கட்டிப்பிடிச்சு முடி உதிர்ந்து போய் அப்படியே உக்காந்திருக்கு, இன்னைக்கும் குழந்தைங்க போய்ப் பாக்கறாங்க. என் பொண்ணும் இப்ப ஒம்பதாவது படிக்கறா, படம் வந்த சேதியும் அவளுக்குத் தெரியும், போன வாரம் அலமாரிய ஒதுங்க வைக்கும்போது அந்தப் புத்தகத்த எடைக்குப் போடலாமான்னு கேட்டேன், பிடுங்கிக்கிட்டுப் போயிட்டா. இழப்பு இல்லைன்னு தீர்ப்பு சொல்லுங்க நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.