பில்லிங்கில் இருந்தால் ஸ்டாக் துரத்துகிறது, ஸ்டாக்கில் இருந்தால் பில்லிங் துரத்துகிறது

வணக்கம் மக்களே. இன்று இன்ட்ரோ மியூசிக் எல்லாம் கிடையாது, வயிறு எரிகிறது. ஒரே சர்வரில் இரண்டு வெப் ஆப் ஓடினால் மோதத்தான் செய்யும், இரண்டாவது சர்வர் வாங்குங்கள் என்று சித்தப்பாவுக்கு ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். 38,500 ரூபாய். ஜிஎஸ்டி தனி. இன்ஸ்டாலேஷன் தனி. கீபோர்டு, மவுசுக்கு என்று இன்னொரு 900 ரூபாய்! எஸ்எஸ்எச்சில், அதாவது வேறு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக, உள்ளே போகிற பெட்டிக்கு எதற்கய்யா மவுஸ்? அந்த 900 ரூபாயை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மினி பிசியில் உபுண்டு என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்ட வீடியோவில் பின்னால் பெயின்ட் டப்பாக்கள் தெரிந்தனவே, சித்தப்பாவின் அதே ஹார்டுவேர் கடைதான். அந்தப் பெட்டியில் வெப் ஆப் எழுத உதவும் ஜாங்கோவில் செய்த இரண்டு ஆப் ஓடுகின்றன. பில்லிங் 8000 போர்ட்டில், ஸ்டாக் 8001 போர்ட்டில். ஐபி, அதாவது நெட்வொர்க்கில் பெட்டியின் முகவரி, ஒன்றே; போர்ட் அந்த முகவரியில் கதவு எண் மாதிரி. கவுன்டரில் இருக்கும் அக்கா பில் போட்டுக்கொண்டே, ஆணி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க பிரவுசரின் அடுத்த டேபில் ஸ்டாக்கைத் திறப்பார். திரும்பி வந்தால் பில்லிங் அவரை வெளியே தள்ளிவிட்டு லாகின் பக்கத்தைக் காட்டும். மறுபடி உள்ளே போனால் ஸ்டாக் வெளியே தள்ளும். வாடிக்கையாளர் நிற்கிறார், அக்கா பாஸ்வேர்டு அடித்துக்கொண்டே இருக்கிறார்.

இதில் சர்வர்மேல் ஒரு தப்பும் கிடையாது. நடப்பதெல்லாம் பிரவுசரில். குக்கி என்பது, லாகின் செய்தவரை அடையாளம் காண ஆப் பிரவுசரிடம் கொடுக்கும் சீட்டு. அதைச் சேமிக்கும்போது பிரவுசர் ஹோஸ்ட்டை, அதாவது ஐபியை அல்லது தளப் பெயரைப் பார்க்கும், பாத்தை, அதாவது முகவரியில் அதற்குப் பின் வருவதைப் பார்க்கும், குக்கியின் பெயரைப் பார்க்கும். போர்ட்டைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற குக்கி விதிமுறை ஆவணத்திலேயே போர்ட்டை வைத்துக் குக்கிகள் பிரியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஜாங்கோவோ செஷனுக்கான, அதாவது லாகின் நிலைக்கான, குக்கிக்கு எல்லா ஆப்பிலும் ‘செஷன்ஐடி’ என்று ஒரே பெயரைத்தான் வைக்கும். பில்லிங் கொடுத்த குக்கி ஸ்டாக்குக்கும் போகிறது. ஸ்டாக் தன் டேட்டாபேசில் தேடுகிறது, அப்படி ஒரு செஷனே இல்லை, உடனே அந்தக் குக்கியை அழிக்கச் சொல்லிவிடுகிறது. ஸ்டாக்கில் லாகின்கூடச் செய்ய வேண்டாம், லாகின் பக்கத்தைத் திறந்தாலே பில்லிங் போச்சு.

தீர்வு என்ன தெரியுமா? ஒவ்வொரு ஆப்பின் செட்டிங்ஸ் ஃபைலிலும் இரண்டு வரி. செஷன் குக்கி நேம், சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளம் நம் பெயரில் ஃபாரம் அனுப்பாமல் காக்கும் டோக்கன்) குக்கி நேம். பில்லிங்குக்கு ஒரு பெயர், ஸ்டாக்குக்கு வேறு பெயர். ரீஸ்டார்ட். எல்லோரும் ஒரு தடவை புதிதாக லாகின் செய்தால் போதும். 38,500 ரூபாய் மக்களே! நான்கு வரிக்கு! வரிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன், 9,625 ரூபாய். மவுஸ் சேர்க்காமல்.

கமெண்டில், ஆப்புகளைத் தனித்தனிக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டோக்கர் கோஷ்டி இப்போதே டைப் செய்ய ஆரம்பித்திருக்கும். எனக்கும் டோக்கருக்கும் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் இங்கே என் வெறுப்பை ஓரம் வைத்தாலும் அது உதவாது. இரண்டு கன்டெய்னரில் போட்டாலும் அக்காவின் பிரவுசருக்குத் தெரிவது அதே ஐபிதான். ஆளுக்கொரு ஹோஸ்ட் பெயர் கொடுத்து முன்னால் என்ஜின்எக்ஸை, அதாவது பெயர் பார்த்துச் சரியான ஆப்புக்கு அனுப்பும் வெப் சர்வரை, நிற்கவைத்தால் சரியாகும், அது அழகான வழியும்கூட. ஆனால் கடை ரூட்டரில், பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் செட்டிங் தேடுவதைவிட எனக்கு நான்கு வரி பிடித்திருக்கிறது.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். சிஎஸ்ஆர்எஃப் குக்கியின் பெயரை ஏன் மாற்றச் சொன்னேன்? லாகின் செய்யும்போது ஜாங்கோ அந்த டோக்கனைப் புதிதாக மாற்றும். பெயர் பொதுவாக இருந்தால், இன்னொரு டேபில் பாதி நிரப்பி வைத்திருக்கும் ஃபாரம் சப்மிட் ஆகும்போது 403, அதாவது அனுமதி மறுப்பு, வரும். பெயரை மாற்றினால் ஜாவாஸ்கிரிப்ட்டில் பழைய பெயரை எங்காவது நேரடியாக எழுதியிருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

இன்னும் ஒன்று, இதுதான் உண்மையில் பயங்கரமானது. இரண்டு ஆப்பும், தகவலை மெமரியில் வைத்திருக்கும் ரெடிஸ் ஒன்றையே, அதிலும் ஒரே 0 நம்பர் டேட்டாபேசைப் பயன்படுத்தினால் கவனம். ஜாங்கோவோடு வரும் ரெடிஸ் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) ‘கிளியர்’ சொன்னால் அந்த டேட்டாபேஸ் முழுவதும் காலி, பக்கத்து ஆப்பின் சரக்கும் சேர்த்து. கீ ப்ரிஃபிக்ஸ், அதாவது சேமிக்கும் பெயருக்கு முன்னொட்டு, போட்டிருக்கிறேனே என்றால், அது பெயர் மோதலைத்தான் தடுக்கும், இதைத் தடுக்காது. பின்னணி வேலைகளைச் செய்யும் செலரியின் கதை இன்னும் மோசம். இரண்டுக்கும் ‘செலரி’ என்றே க்யூ (வேலை வரிசை) பெயர் இருந்தால், பில்லிங்கின் வேலையை ஸ்டாக்கின் ஒர்க்கர் எடுத்து, இது எனக்குத் தெரியாத டாஸ்க் என்று லாக் ஃபைலில் எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். பாக்கி நினைவூட்டும் எஸ்எம்எஸ் சிலருக்குப் போய்ச் சிலருக்குப் போகாத மர்மம் அதுதான். ரெடிஸ் 0 முதல் 15 வரை 16 டேட்டாபேஸ் சும்மா தருகிறது, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். க்யூவுக்கும் தனிப் பெயர் வையுங்கள்.

போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார், மேக்கில் 5000 போர்ட் எப்போதும் பிஸி, யார் பிடித்திருக்கிறார்கள் என்று. மான்டரே என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து, ஐபோன் திரையை மேக்கில் காட்ட உதவும் ஏர்ப்ளே ரிசீவர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. செட்டிங்ஸில் அதை அணையுங்கள், இல்லையென்றால், ஜாங்கோ மாதிரியே வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்க்குக்கு 5001 கொடுங்கள். அந்தக் கொட்டேஷனை, பெயரை மறைத்து, கம்யூனிட்டி டேபில் போடுகிறேன். மவுஸ் வரியை மட்டும் வட்டம் போட்டு.