நாளைப் பிரிக்கும் முன் வேலையைப் பிரியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊழியர்கள் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுத்ததும் முதலில் வருவது ஒரு சுற்றறிக்கை: இந்தப் பதவிக்கு உண்டு, அந்தப் பதவிக்கு இல்லை. சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. தேர்வுப் பிரிவு உதவியாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் கட்டும் விடைத்தாள் கட்டும் வளாகத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் தேர்வு அட்டவணை போடுவது, அறை ஒதுக்குவது, மாணவர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது எல்லாம் எங்கிருந்தும் நடக்கும். ஆகவே பதவியைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள். இரண்டு வாரம் ஒவ்வொருவரும் தாம் செய்வதை மணிக்கணக்கோடு குறிக்கட்டும். இடம் மாற்றக்கூடிய வேலை வாரத்துக்கு 16 மணி நேரம் தேறினால்தான் இரண்டு நாள் வீடு என்ற பேச்சுக்கே இடம்.

அடுத்து ஆள் கணக்கு. ஓர் அலுவலகத்தில் 6 பேர், கவுன்ட்டரில் எப்போதும் 2 பேர் தேவை என்று வைத்துக்கொள்வோம். 2 பேரை மட்டும் வரவழைத்தால் ஒருவர் சாப்பிடப் போனதும் வரிசை நின்றுவிடும். அதனால் 3 பேர். வாரத்தில் ஒரு நாள், உதாரணமாகப் புதன்கிழமை, 6 பேரும் வரட்டும். கூட்டம், புதியவருக்குப் பயிற்சி, தேங்கிய கோப்பு எல்லாம் அன்றைக்கே. மீதி 4 நாளில் தினமும் 3 பேர் அலுவலகம், 3 பேர் வீடு. ஆளுக்கு 2 நாள் சரியாகக் கிடைத்துவிடும். வீட்டு நாளாகத் திங்களும் வெள்ளியும்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஓர் அணிக்குத் திங்கள், வியாழன். மற்றதற்குச் செவ்வாய், வெள்ளி. 4 வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஒரே நாளில் 2 பேர் விடுப்பு எடுத்தால் வீட்டிலிருப்பவரில் யார் வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரர் தலையிலேயே அது எப்போதும் விடியும்.

இன்னொன்று: எல்லாத் துறையும் புதன்கிழமையையே பிடித்துக்கொண்டால் அன்று நாற்காலி போதாது, மற்ற நாள் கட்டடம் காலியாகக் கிடக்கும். துறைவாரியாக நாளைப் பிரித்துக் கொடுப்பது பதிவாளர் அலுவலகத்தின் வேலை. மேஜைகளைக் குறைப்பதானால் அதன் பிறகுதான்.

பல்கலைக்கழகத்தில் எல்லா வாரமும் ஒன்றல்ல. சேர்க்கை, செமஸ்டரின் முதல் இரண்டு வாரம், கட்டணக் கடைசி நாள், முடிவு வந்த பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள்: இவற்றில் முழு வருகை என்று கல்வி ஆண்டின் தொடக்கத்திலேயே தேதி போட்டு அறிவித்துவிட வேண்டும். முந்தின நாள் மாலை போன் பண்ணி வரச் சொன்னால், குழந்தையை யாரிடம் விடுவது என்று தவிப்பவர் இரண்டாம் முறையே இந்த ஏற்பாட்டை நம்பமாட்டார்.

மாணவர் விவரம் வீட்டுக் கணினிக்குப் போகக் கூடாது. அலுவலக லேப்டாப், விபிஎன் (அலுவலகக் கணினி வலைக்குள் பாதுகாப்பாக நுழையும் இணைய வழி), இரண்டு கட்டச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும்) மூன்றும் இருந்தால்தான் அனுமதி. மீறல் நடப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. விபிஎன் மெதுவாக இருக்கும், மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். ஆகவே வேகத்தைச் சரிசெய்யாமல் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பிப் பயனில்லை.

ஆய்வக உதவியாளர், மின்பணியாளர், விடுதிக் காவலர் ஆகியோரை மறந்துவிட்டால் மனத்தாங்கல் வரும்; அது நியாயமும்கூட. அவர்களுக்கு வீடு சாத்தியமில்லை, நேரம் சாத்தியம். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் உரிமை, அல்லது 40 மணி நேரத்தை 4 நாளில் முடிப்பது. ஆனால் வகுப்பு 4 மணிக்கு முடிகிற ஆய்வகத்தில் 6 மணி வரை சும்மா உட்கார வைத்தால் அது தண்டனை. கரைசல் தயாரிப்பு, இருப்புச் சரிபார்ப்பு போன்றவற்றை அந்த நேரத்துக்கு ஒதுக்கினால்தான் 10 மணி நேர நாள் பொருந்தும்.

எல்லாவற்றையும் ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்தெந்த நாள், எல்லோரும் தொடர்பில் இருக்கவேண்டிய நேரம் 10 முதல் 3 வரை, கருவி பழுதானால் யார் பொறுப்பு, மறு ஆய்வு எந்தத் தேதி. முதல் ஒப்பந்தம் ஒரு செமஸ்டருக்கு மட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மறு ஆய்வின்போது, ஊழியர் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்ததா என்று பார்ப்பதை நிறுத்தும்படி கண்காணிப்பாளர்களிடம் சொல்லுங்கள். ஒரு விண்ணப்பம் வந்த நாளிலிருந்து முடிந்த நாள் வரை எத்தனை நாள் ஆனது, முன்பு எத்தனை ஆனது என்று இரண்டு எண்ணையும் எடுத்து வரட்டும்.

நன்றி, வணக்கம்.