ஒரே மனிதருக்கு மூன்று பிறந்த நாடுகளா? நெப்ராஸ்காவின் செக் உழவர் குடும்பங்கள் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்கப் பெரும்புல்வெளியில் குடியேறிய ஐரோப்பிய உழவர்களைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரிலிருந்து ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவர் செக் வம்சாவளியினர். அந்தப் பெரியவருடைய பாட்டனார் பிறந்த இடம் 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பொஹிமியா என்றும், 1910இல் ஆஸ்திரியா என்றும், 1930இல் செக்கோஸ்லோவாக்கியா என்றும் எழுதப்பட்டிருக்கிறதாம். மூன்றிலும் இருப்பவர் ஒரே ஆள்தானா, குடும்ப வரலாற்றை எந்த ஆவணத்திலிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேறு வேறு ஆட்கள் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹிமியா, 1918 வரை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஒரு தனி அரசுப் பகுதி. ஆகையால் அங்கே பிறந்தவரைப் பொஹிமியர் என்றாலும் சரி, ஆஸ்திரியர் என்றாலும் சரி, இரண்டுமே பிழையல்ல. 1910ஆம் ஆண்டுத் தாளில் ஆஸ்திரியா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தாய்மொழி பொஹிமிய மொழி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கு அது செக் மொழியைத்தான் குறிக்கிறது. 1918 அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாக்கியா உருவானது. பாட்டனார் சோளக்காட்டை விட்டு நகரவே இல்லை, அவர் பிறந்த ஊரின் நாடுதான் மாறிக்கொண்டிருந்தது.

பெயர்களையும் சற்றுத் தாராளமாகப் பார்க்க வேண்டும். செக் வழக்கத்தில் கணவர் நோவாக் என்றால் மனைவி நோவாகோவா. அமெரிக்கக் குமாஸ்தாக்கள் இருவரையும் நோவாக் என்றே எழுதினார்கள், ஆனால் அதே பெண்ணின் கல்லறையில் நோவாகோவா என்று பொறித்திருக்கக்கூடும். அந்தக் கல்லறைக் கற்களை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனெனில் எந்த அரசுத் தாளிலும் இல்லாத சொந்தக் கிராமத்தின் பெயர் சிலவற்றில் செக் மொழியில் வெட்டப்பட்டிருக்கிறது.

எங்கே தொடங்குவது என்பதற்கு வருகிறேன். பலரும் முதலில் கப்பல் பட்டியலைத் தேடுகிறார்கள். செக் உழவர்களில் ஏராளமானோர் கப்பலேறிய பிரெமன் துறைமுகத்தின் பழைய பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் கிடைக்கின்றன என்பது ஓர் ஆறுதல். என்னைக் கேட்டால், நிலத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை பதிவு செய்துகொண்டு, ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து உழுதவருக்கு அந்த நிலம் சொந்தமானது. வெளிநாட்டவராக இருந்தால் குடியுரிமை பெறப்போவதாக முன்கூட்டியே உறுதிமொழி அளித்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே சொந்த ஊரில் காணி நிலத்துக்கும் வழியில்லாமல் கிளம்பி வந்த மனிதர், ஆஸ்திரியப் பேரரசருக்கு இனித் தாம் கட்டுப்பட்டவர் அல்லர் என்று கையெழுத்திட்ட தாளும் அவருடைய நில விண்ணப்பக் கோப்பிலேயே இருக்க வாய்ப்புண்டு.

ஐந்தாண்டு முடிவில் அளிக்க வேண்டிய இறுதிச் சான்றுதான் இந்தக் கோப்பின் உயிர்நாடி. எப்போது குடிவந்தீர், வீடு எத்தனை அடி நீளம், எத்தனை ஏக்கர் உழுதீர், கிணறு வெட்டினீரா, தொழுவம் உண்டா, மனைவி மக்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்திருப்பார்கள். மரமே அரிதான அந்த மண்ணில், புல்லை வேரோடு பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் கட்டிய வீட்டின் நீள அகலம் இந்தத் தாளைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. சாட்சி சொன்ன இரண்டு அண்டை வீட்டாரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வில்பர் ஊரைச் சுற்றியுள்ள சேலீன் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) முதலிய இடங்களில் செக் குடும்பங்கள் கூட்டமாகவே குடியேறியதால், அந்தச் சாட்சிகள் பிற்பாடு சம்பந்திகளாகவும் தென்படலாம். ஐந்தாண்டு நிறைவதற்குள் கணவர் இறந்துவிட்டால் மனைவியே சான்றளித்து நிலத்தைப் பெற முடிந்தது என்பதால், மற்ற பதிவேடுகளில் பெயரளவில் மட்டும் வந்துபோகும் பெண்கள் இங்கே தம் வாய்மொழியாகவே பேசுகிறார்கள்.

எல்லாக் குடும்பமும் இலவச நிலம் பெறவில்லை. ரயில்வே நிறுவனங்களிடம் விலைக்கு வாங்கியவர்களும் பலர், அவர்களுக்குக் கவுண்டி அலுவலகத்தின் கிரயப் பத்திரம்தான் ஆதாரம். மற்றவர்கள், அரசு நிலத்தைச் சொந்தமாக்கி அளித்த நிலப் பட்டயங்களைக் கட்டணமின்றித் தேடித்தரும் அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை இணையதளத்தில் குடும்பப் பெயரைத் தேடி, பட்டய எண்ணைக் குறித்துக்கொண்டு, முழுக் கோப்பின் நகலைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் கேட்டுப் பெறலாம். துவோர்ஷாக் என்ற பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால், துவோராக், தெவோராக் என்றும் எழுத்தை மாற்றி மாற்றித் தேடச் சொல்லுங்கள்.

கிராமத்தின் பெயர் எப்படியாவது தெரிந்துவிட்டால், செக் வட்டார ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் ஏற்றியிருக்கும் தேவாலயப் பதிவேடுகளுக்குப் போகலாம். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரோடு வீட்டு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனால், பெரியவருடைய பாட்டனாரின் பாட்டனார் வரை அதே வீட்டில் கண்டுபிடித்துவிட முடியலாம். எழுத்து மட்டும் பழைய ஜெர்மன் கையெழுத்தாக இருந்து கண்ணைச் சோதிக்கும்.