ஆட்டோபைலட் கைவிரிக்கும் நேரம்

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளையை விமானிப் படிப்புக்கு அனுப்பலாமா, இல்லை அந்த வேலையையும் ஏஐ பிடுங்கிக்கொள்ளுமா? பெற்றோர் பலருக்கு இந்தக் கவலை. லட்சக்கணக்கான ரிங்கிட் கரையும் படிப்பு, கவலைப்படாமல் இருக்க முடியுமா?

விமானம் தானாகத் தரையிறங்குவது பழைய செய்தி. 1965லேயே லண்டனில் ட்ரைடன்ட் ஜெட் பயணிகளோடு அப்படி இறங்கியது. ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு, எழுதிவைத்த விதிப்படி இறங்குவது அது. 2019 டிசம்பரில் பிரான்சின் துலூஸில் ஏர்பஸ் ஏ350 செய்தது வேறு: கேமராவால் ஓடுபாதையைப் பார்த்துத் தானே மேலெழுந்தது. இது படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள். எழுதிய விதிக்கும் பழகிய பழக்கத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் விமானியின் பிழைப்பே இருக்கிறது.

நம் ஊருக்கு வரவேண்டிய விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2005 ஆகஸ்ட் 1, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கேஎல் (கோலாலம்பூர்) கிளம்பிய போயிங் 777. முடுக்கத்தை அளக்க அதில் ஒரே பெட்டிக்குள் ஆறு உணரிகள். ஒன்று 2001லேயே பழுது. பெட்டி அதை ஒதுக்கிவைத்திருந்தது. அன்று இன்னொன்றும் போனதும், ஒதுக்கிய பழுது உணரியின் கணக்கையே மென்பொருள் மறுபடி எடுத்துக்கொண்டது. விமானம் மூக்கைத் தூக்கி 38,000 அடியிலிருந்து 41,000 அடிக்கு ஏறியது. வேகம் மணிக்கு 158 கடல்மைலுக்குச் சரிந்தது. வேகம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என இரண்டு எச்சரிக்கையும் ஒரே நேரத்தில்! கேப்டன், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டை விலக்கி மூக்கைத் தாழ்த்தினார். பெர்த்துக்கே திரும்பி இறக்கினார்.

அந்தக் குறையைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்த முடிந்தது. விமான மென்பொருளின் ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்று காட்ட வேண்டும் என்பது டிஓ-178சி தரவிதி. பழகிய மென்பொருளில் காட்ட வரி எங்கே? கோடிக்கணக்கான எண்கள்தான் இருக்கும். ஏஐக்குச் சான்றிதழ் தர அதிகாரிகள் தயங்குவது இதனால்தான். தொழிற்சங்கத்துக்குப் பயந்து அல்ல.

அதனால் ஏஐ முதலில் நுழைவது ஆலோசகராகத்தான். மலாக்கா நீரிணையில் விடியலுக்கு முன் சுமாத்ராவிலிருந்து கிளம்பி வரும் இடிமேக வரிசையைப் பாருங்கள். ரேடார் நீர்த்துளியை நன்றாகக் காட்டும், பனிப்படிகத்தைச் சரியாகக் காட்டாது. நம் வானில் சுமார் 16,000 அடிக்கு மேல் உறைநிலை. 35,000 அடியில் பறப்பவர் ரேடாரை நேராக வைத்தால் மேகத்தலை ஏமாற்றிவிடும். கீழே சாய்த்து ஈரமான அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். இந்தச் சாய்ப்பைப் புதிய ரேடார்கள் தாமே செய்கின்றன. செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்து "இடப்பக்கம் 20 மைல் விலகு" என்று நாளை ஏஐ சொல்லும். நல்லதுதான். ஆனால் ஏன் இடப்பக்கம் என்று யோசித்துப் பழகாத துணைவிமானி, அது தப்பாகச் சொல்லும் அன்று எதை வைத்து மறுப்பார்?

நடுவானில் ஒருவர் ஓய்வெடுக்க, ஒருவரே ஓட்டலாம் என்ற யோசனையும் உண்டு. இரண்டு பேர் இருக்கும்போது கிடைக்கும் பாதுகாப்பு அதில் இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2025இல் சொல்லிவிட்டது. இப்போதைக்கு நாற்காலி இரண்டுதான்.

போவது நாற்காலியல்ல, கைப்பழக்கம். பினாங்கு–கேஎல் பறப்பில் கையால் ஓட்டுவது இன்றே சில நிமிடம்தான். 2009இல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகம் அடைத்தது, ஆட்டோபைலட் கைவிரித்தது. வேகக் கணக்கு சுமார் ஒரு நிமிடத்தில் சீரானது. ஆனால் விமானி மூக்கைத் தூக்கியே பிடித்திருந்ததால் இறக்கை தாங்குவிசையை இழந்து, நாலரை நிமிடத்துக்குள் விமானம் கடலில். 228 உயிர்கள்.

ஆகவே பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆட்டோபைலட்டும், எஞ்சின் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்டும் இல்லாமல் சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம், வேகமானியை மறைத்து எத்தனை முறை என்று கேளுங்கள். ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டிய கணக்கு இது: வேகமானியை நம்ப முடியாமல், பறப்பும் ஆபத்தில் என்றால், கிளம்பிய கையோடு முழு எஞ்சின் விசை, மூக்கு 15 பாகை மேலே, விசை குறைக்கும் உயரம் தாண்டி 10,000 அடி வரை ஏறுவதற்கான விசை, 10 பாகை, அதற்கு மேல் அதே விசை, 5 பாகை.