87 ஓட்டு: டெல்டா தொகுதியில் எம்.எல்.ஏ. தேர்தல் வேலை எப்படி நடக்கிறது?

[திரையில்: காட்டுமன்னார்கோவில், வீராணம் ஏரிக்கரை]

2016 மே 19. காட்டுமன்னார்கோவில் தொகுதி. கொள்ளிடத்துக்கு வடகரை, வீராணம் பாசனம். கடைசிச் சுற்று எண்ணி முடித்தபோது விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றிருந்தார். ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் முருகுமாறன். ஒரு தொகுதியில் இருநூறு, முந்நூறு வாக்குச்சாவடிகள் இருக்கும். 87-ஐ அத்தனைக்கும் பங்கு போட்டால் சாவடிக்கு அரை ஓட்டுகூட வராது.

அந்த அரை ஓட்டு எங்கே கிடைக்கிறது, எங்கே தவறிப் போகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். மேடைப் பேச்சு, வேன், மாலை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த வேலை. அதற்கு அடியில் ஓடுகிற காகித வேலையும் வீடு வீடாக நடக்கிற வேலையும்தான் தொகுதியைத் தீர்மானிக்கின்றன.

[திரையில்: டெல்டா வரைபடம்]

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூர் மாவட்டத்தில் 8 தொகுதி, திருவாரூரில் 4, நாகப்பட்டினத்தில் 3, மயிலாடுதுறையில் 3. மொத்தம் 18. இதில் திருவிடைமருதூர், திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், சீர்காழி நான்கும் தனித் தொகுதிகள்.

முதலில் நாட்கணக்கு. 2021 தேர்தலை எடுத்துக்கொள்வோம். மார்ச் 12 முதல் 19 வரை வேட்புமனு. 20-ஆம் தேதி பரிசீலனை. 22-ஆம் தேதி வாபஸ் முடிந்தது. ஏப்ரல் 6-இல் ஓட்டுப்பதிவு. வாபஸ் முடிந்து ஓட்டுப்பதிவுக்கு இடையில் இருந்தது 15 நாள். சட்டம் கேட்கிற குறைந்தபட்சம் 14 நாள்தான். சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பதே வாபஸ் முடிந்த பிறகு என்பதால், இரண்டு வாரத்துக்குள் அந்தச் சின்னத்தை இரண்டு, மூன்று லட்சம் பேர் மனதில் ஏற்ற வேண்டும். ஆகவே உண்மையான வேலை தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே, வாக்காளர் பட்டியலில் தொடங்குகிறது.

[திரையில்: பாகம் எண் போட்ட பட்டியல், ஓரத்தில் பேனாக் குறிகள்]

பட்டியல் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும். ஒரு பாகத்தில் ஆயிரம் பேர் என்று வையுங்கள். பூத் கமிட்டியில் பத்து பேர் இருந்தால் ஆளுக்கு நூறு பேர். கிளைச் செயலாளர் கையில் பட்டியலைக் கொடுத்து, “எல்லாம் நம்ம ஆளுதாண்ணே” என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவது வேலை ஆகாது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பெயருக்கும் குறி போட வேண்டும்: ஊரில் இருக்கிறாரா, திருப்பூரிலோ சென்னையிலோ வேலையா, சிங்கப்பூர், துபாய் என்று போயிருக்கிறாரா, இறந்துவிட்டாரா. வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர்கூட நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும் என்பதால், அந்தப் பெயரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருப்பூர் ஆட்களுக்குத் தேதி தெரிந்த அன்றே போன் போக வேண்டும். கடைசி வாரத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைக்காது.

புதுப் பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடிக்கொள்ளும். விண்ணப்பத்தைச் சரிபார்க்க அதிகாரிக்கும் நாள் வேண்டும் என்பதால் பத்து நாளாவது முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். 85 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட 12டி படிவம் உண்டு. அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிடுகிற பூத் கமிட்டிகள் ஏராளம். ஊருக்கு நாலு பாட்டி என்றாலும் தொகுதிக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

[திரையில்: தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகம்]

வேட்புமனு. நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. அலுவலகத்தின் 100 மீட்டருக்குள் மூன்று வண்டி, உள்ளே வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர். டெபாசிட் 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 5,000. அங்கீகாரம் பெற்ற கட்சி என்றால் ஒரு முன்மொழிபவர் போதும். மற்றவர்களுக்குப் பத்து பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நின்றுபோனது இந்த இடத்தில்தான்: முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். பத்துப் பேரையும் நேரில் பார்த்து, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம். நான்கையும் கொடுங்கள். ஒன்றில் பிழை இருந்தால் இன்னொன்று காப்பாற்றும். படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. சொத்து இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், கோடு இழுத்துவிட்டால் போதாது. காலிக் கட்டத்தைச் சுட்டிக்காட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. வேறு தொகுதியில் ஓட்டு இருப்பவர் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலைக் கொண்டுவர வேண்டும். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் 3 மணிக்குள் மேஜைக்கு வந்தாக வேண்டும். சென்னையிலிருந்து கார் கிளம்பிவிட்டது என்பதை யாரும் ஏற்க மாட்டார்கள். இன்னொன்று, உறுதிமொழி. மனுவைக் கொடுத்த கையோடு எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளில் எடுத்தால் செல்லாது.

[திரையில்: ஆற்றங்கரைச் சாலை, எதிர்க்கரையில் தெரு]

இனி ஊர் சுற்றுவது. டெல்டாவில் வேன் வழி போடுகிறவருக்கு ஆறு தெரிந்திருக்க வேண்டும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, கோரையாறு, பாமணியாறு என்று வாய்க்காலுக்கு வாய்க்கால் ஊர் பிரிந்து கிடக்கிறது. எதிர்க்கரைத் தெரு கண்ணுக்குத் தெரியும், பாலம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வரைபடத்தைப் பார்த்து ஒரு நாளைக்கு இருபத்தைந்து இடம் என்று போட்டால், பதினைந்தாவது இடத்திலேயே இரவு பத்து மணி ஆகிவிடும். பத்துக்கு மேல் மைக் கிடையாது. மீதிப் பத்து ஊரும் பூவும் ஆரத்தியுமாகக் காத்திருந்து வீட்டுக்குப் போகும். அந்தக் கோபம் ஆறாது. கரைக்குக் கரை வழி போடுங்கள், ஆற்றைக் குறுக்கே வெட்டாதீர்கள். மதகுப் பாலங்களில் வேன் ஏறுமா என்று முந்தின நாள் ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்துவர வேண்டும்.

ஏப்ரல் என்றால் சம்பா அறுத்து முடிந்து உளுந்து, பயறு எடுக்கிற நேரம். பெண்கள் விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுவார்கள். பதினொரு மணிக்குத் தெருவில் பேசினால் கேட்பவை திண்ணைகள்தான். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்து, மறுபடி மாலை நாலரைக்குக் கிளம்புவதே இங்கே சரிப்படும். பத்து வண்டிக்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது. மேலும் இருந்தால் 100 மீட்டர் இடைவெளி விட்டுப் பிரிக்க வேண்டும். அனுமதிக் கடிதம் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஊரில் என்ன கேட்பார்கள்? நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்குவது, கடைமடைக்குத் தண்ணீர் வராதது, தூர்வாரல், பயிர்க் காப்பீடு, கோயில் மடத்து நிலத்தில் வீடு கட்டி இருப்பவர்களின் அடிமனைப் பட்டா. வேட்பாளர் எதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று படித்துவிட்டுப் போக வேண்டும். நிலையத்தை நடத்துவது நுகர்பொருள் வாணிபக் கழகம், மாநில அரசின் நிறுவனம். ஆனால் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது மத்திய அரசின் கையில். “நான் ஜெயித்தால் 22 சதவீதம்” என்று வாக்குக் கொடுத்தவர் அடுத்த தை மாதமே அதே களத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நிலப் பிரச்சினையைத் தெரிந்துகொண்டு போனவருக்கு இந்த ஆற்றங்கரையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. மு. கருணாநிதி முதன்முதலில் ஜெயித்தது 1957-இல் குளித்தலையில். சட்டமன்றத்தில் அவர் பேசிய முதல் பேச்சே நங்கவரம் விவசாயிகளைப் பற்றியது. 1962-இல் தஞ்சாவூர், பிறகு சென்னைத் தொகுதிகள், கடைசியாக 2011, 2016-இல் சொந்த மண்ணான திருவாரூர். நின்ற 13 சட்டமன்றத் தேர்தலிலும் தோற்கவில்லை.

[திரையில்: வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் பக்கங்கள் கொண்ட பதிவேடு]

செலவுக் கணக்கு. நிறையப் பேர் அலட்சியப்படுத்துவதும், பின்னால் கடிக்கிறதும் இதுதான். 2022 ஜனவரி முதல் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். மனு கொடுத்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளும் சேர்த்து. 300 சாவடிக்குப் பிரித்தால் சாவடிக்கு 13,333 ரூபாய். வேன், டீசல், மேடை, நோட்டீஸ் அத்தனையும் அதற்குள். மனுவுக்கு ஒரு நாள் முன்பாவது தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. பிரசாரக் காலத்தில் மூன்று முறை, தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும்.

அவரிடம் ஒரு நிழல் பதிவேடு இருக்கிறது. வீடியோக் குழு எண்ணிய நாற்காலி, கொடி, டீ எல்லாம், மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலையில் அதில் ஏறியிருக்கும். பிழை வருவது பெரும்பாலும் கிளைகளில். ஊர்க்காரர்கள் பாசத்தில் தாங்களே பந்தல் போட்டு, சரவெடி வாங்கி, வேட்பாளரின் தலைமை முகவரிடம் சொல்லாமல் விடுவார்கள். அந்தப் பந்தல் உங்கள் கணக்கில் இல்லை, பார்வையாளர் கணக்கில் இருக்கிறது. தலைவர் கூட்டத்தில் வேட்பாளர் மேடை ஏறினாலோ, பேனரில் படம் இருந்தாலோ செலவில் பங்கு ஏறும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ரசீது வாங்க ஒருவரை நியமித்து, இரவு பதினொன்றுக்குள் அன்றைய சீட்டுகளை வாங்கிவிடுங்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் முழுக்கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். தோற்றவருக்கும் இது பொருந்தும்.

பணம் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். 2016-இல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டு தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. மாநிலம் மே மாதம் ஓட்டுப் போட, தஞ்சாவூர் நவம்பர் 19 வரை காத்திருந்தது. ஆறு மாதம் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. அந்த ஆண்டு சம்பா சாகுபடி தண்ணீரில்லாமல் தவித்த காலம் அது. ஓட்டுக்குக் கொடுத்த காசின் விலையை அப்போது வயல்காரர்கள்தான் கட்டினார்கள். ஆரத்தித் தட்டில் நோட்டு வைப்பதும் பட்டுவாடாவாகவே பார்க்கப்படும். கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

[திரையில்: பள்ளிக்கூட வாக்குச்சாவடி, விடியற்காலை]

ஓட்டுப்பதிவு நாள். சாவடிக்கு 100 மீட்டருக்கு வெளியே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சின்னமோ பெயரோ இல்லாத வெள்ளைச் சீட்டு. வாக்காளரை ஆட்டோ வைத்து அழைத்து வருவது ஊழல் நடவடிக்கை, வெற்றியே செல்லாமல் போகும். சாவடிக்குள் வேட்பாளர் சார்பில் உட்காரும் முகவர், பதிவு தொடங்க 90 நிமிடம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். மாதிரி ஓட்டு குறைந்தது 50 போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்து, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இயந்திரத்தின் சீட்டுகளையும் எடுத்த பிறகுதான் உண்மையான பதிவு. அழித்ததைக் கண்ணால் பாருங்கள். முகவருக்கு மாற்றாக இருவர் வரை நியமிக்கலாம். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனவர் தூங்கிவிடுகிற ஊர்களில் அது கட்டாயம்.

மாலை பதிவு முடிந்ததும் 17சி படிவத்தின் நகல் வாங்காமல் முகவர் கிளம்பக் கூடாது. மொத்த ஓட்டு, கட்டுப்பாட்டு இயந்திரத்தின் எண், முத்திரை எண்கள் அதில் இருக்கும். முந்நூறு சாவடியின் முந்நூறு நகலும் அன்று இரவே தலைமை முகவரிடம் சேர வேண்டும்.

எண்ணுகிற இடத்தில் வழக்கமாக 14 மேஜை. 300 சாவடி என்றால் 22 சுற்று. காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, அரை மணி கழித்து இயந்திரங்கள். இயந்திரம் மேஜைக்கு வந்ததும் எண்ணையும் மொத்தத்தையும் 17சி நகலோடு சரிபார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அந்த நிமிடமே எழுத்தில் ஆட்சேபணை. பிறகு, குலுக்கலில் எடுத்த 5 சாவடியின் விவிபேட் சீட்டுகள் எண்ணப்படும். வித்தியாசம் 87 போன்ற எண்ணாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன்பே மறு எண்ணிக்கை கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். காரணம் எழுதாத மனு நிற்காது. அந்தக் காரணத்தை எழுத முகவர் கையில் இருக்க வேண்டியது 17சி நகல்தான்.